அழுத்தாத கடிகாரம்

பிப்ரவரி மாதம் பதினோராம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே கால் மணிக்குப் பல்செட்டுக்காரரும் டிரைவிங் மாஸ்டரும் முதன்முதலாக எதிரெதிரே உட்கார்ந்தார்கள். டயர்க் கடைக்கு மேலிருந்த மாடி அறையில் சதுரங்கக் கழகத்தின் ஆண்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. கீழிருந்து ரப்பர் வாடை படியேறி வந்து, மேசைகளுக்கு நடுவே ஓர் உறுப்பினரைப்போல உட்கார்ந்திருந்தது.

பல்செட்டுக்காரர் என்பது கழகத்தார் வைத்த பெயர். அவர் பல் மருத்துவர் அல்லர். ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில், மருத்துவர் எடுத்தனுப்பும் வாய் அச்சுகளைக்கொண்டு செயற்கைப் பற்கள் செய்து தருபவர். அச்சில் வார்க்கக் குழைக்கும் மாவுக்கல்லின் தூசி அவருடைய புருவத்தில் எந்நேரமும் படிந்திருக்கும். மெழுகில் பல்வரிசை செதுக்கிச் செதுக்கி, பேசும்போதும் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பது அவர் வழக்கமாகியிருந்தது. ஆனால் சதுரங்கப் பலகைக்கு முன்னால் அந்த நிதானசாலி தலைகீழாக மாறிவிடுவார். வெள்ளைக் காய்கள் கிடைத்தால் அவர் ஆடுவது ஒரே ஆட்டம்தான்: கிங்ஸ் காம்பிட். இரண்டாவது நகர்விலேயே, ராஜாவுக்குக் காவலாக நிற்க வேண்டிய சிப்பாயை முன்னே தள்ளி, "வெட்டிக்கொள்" என்று எதிராளியிடம் நீட்டிவிடுவார். காவல் போகும், அதற்குப் பதிலாகப் பாதை திறக்கும். அதன்பின் அவருடைய பெரிய காய்களெல்லாம் கதவு திறந்த வீட்டுக்குள் விருந்தாளிகள் நுழைவதுபோல எதிராளியின் முற்றத்துக்குள் நுழையும்.

அன்றும் அப்படித்தான் நுழைந்தன. டிரைவிங் மாஸ்டருக்கு அப்போது இருபத்தைந்து வயதுக்குமேல் இராது. தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொள்வது அவனுடைய பழக்கம். அப்படி வெகுநேரம் உட்கார்ந்திருந்து, கடைசியில் ஒரு கையை உருவி, ராணியைக் குறுக்கே வைத்தான். நல்ல நகர்வு. அந்த மகிழ்ச்சியில் கடிகாரத்தின் பொத்தானை அழுத்த மறந்துவிட்டான்.

போட்டிச் சதுரங்கத்தில் மேசைக்கு ஒரு கடிகாரம் உண்டு; அதில் இரண்டு முகங்கள். நகர்த்தியவர் தம் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால்தான் அவருடைய முகம் நின்று, எதிராளியின் முகம் ஓடத் தொடங்கும். அழுத்தாவிட்டால், ஆடி முடித்த பிறகும் அவருடைய நேரமே கரையும், கரைந்து தீர்ந்ததும் முகத்திலுள்ள சின்னச் சிவப்புக் கொடி விழும், ஆட்டம் போகும். மத்தியஸ்தரோ வேடிக்கை பார்ப்பவர்களோ அதைச் சுட்டிக்காட்டக் கூடாது. எதிராளி விரும்பினால் சொல்லலாம். சொல்லாவிட்டாலும் குற்றமில்லை.

"உங்க கடிகாரம், தம்பி" என்றார் பல்செட்டுக்காரர்.

அவன் திடுக்கிட்டுப் பொத்தானை அழுத்தினான். மிஞ்சிய நேரத்தை வைத்துக்கொண்டே அந்த ஆட்டத்தை வென்றுவிட்டான். மத்தியஸ்தராக நின்ற கழகச் செயலாளர் தெருமுனையில் பூட்டுக்கடை வைத்திருப்பவர். வாயைப் பூட்டும் வழி மட்டும் அவருக்குத் தெரியாது.

"என்ன தம்பி, ஜெயிச்சீங்களா, இல்ல ஜெயிக்க வச்சாரா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார்.

படியிறங்கும்போது டிரைவிங் மாஸ்டர் பின்னாலேயே வந்தான். "ஏங்க சொன்னீங்க? சும்மா இருந்திருந்தா ஜெயிச்சிருப்பீங்களே."

"ஜெயிச்சிருக்கலாம். ஆனா உங்கள இல்ல, உங்க மறதியத்தான் ஜெயிச்சிருப்பேன். அதுல என்ன இருக்கு?"

"சரி, வீட்டுக்கு வாங்க. தோத்தவருக்கு டீயாவது குடுக்கணும்ல."

அந்த வீட்டில்தான் அவன் அக்கா இருந்தாள். பெற்றோர் போன பின்பு அவனை வளர்த்து ஆளாக்கியவள். ஒரு துணிக்கடைக்காகத் திரைச்சீலைகள் தைப்பவள். தையல் இயந்திரத்தைச் சுற்றிலும் துணி மலைபோல் குவிந்திருக்க, அதன் நடுவிலிருந்து எழுந்து வந்து அவள் சிரித்தபோது, இடப்பக்கத்துத் தெத்துப்பல் ஒன்று மற்றப் பற்களைத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாக எட்டிப் பார்த்தது. பல்செட்டுக்காரர் அவளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில், ஒரே தெத்துப்பல்.

"உங்களுக்கும் தம்பிக்கும் ஒரே பல்லு" என்றார். ஒரு பெண்ணிடம் பேசும் முதல் வாக்கியம் அதுவாக இருக்கக் கூடாது என்பது சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"ஒரே பல்ல ரெண்டு பேரும் எப்படிங்க வச்சிக்கறது? காலைல அவனுக்கு, சாயங்காலம் எனக்கா?" என்றாள் அவள்.

அந்த ஆண்டு முடிவதற்குள் திருமணம் நடந்தது.

அவளுக்குச் சதுரங்கம் ஆடத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மறுத்துவிட்டாள். ஆனால் ஆட்டத்தின் கதையைக் கேட்பதில் அவளுக்கு அலாதி ஆசை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கணவனும் தம்பியும் கழகத்திலிருந்து திரும்பியதும், தையலை நிறுத்தாமலே, "யாரு ஜெயிச்சா?" என்பாள். சொல்ல வேண்டும். யார் யாரை வெட்டினார், யார் எங்கே மாட்டினார் என்று ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். காம்பிட் சிப்பாயின் கதை மட்டும் அவளுக்கு ஆறவே ஆறாது.

"ஏங்க, வந்ததும் வராததுமா ஒருத்தனத் தூக்கிக் குடுத்துடறீங்களே. அவன் வீட்ல தேட மாட்டாங்களா?"

"அவனுக்கு வீடு ஏது? அவன் மரக்கட்டை."

"நீங்கதான் மரக்கட்டை. டேய், நீ சொல்லுடா. நீ வெட்டறப்ப அவன் என்ன சொன்னான்?"

"'அக்காகிட்ட சொல்லிடுங்க'ன்னான்" என்பான் தம்பி. இரண்டு தெத்துப்பற்களும் ஒரே நேரத்தில் வெளியே வரும். பல்செட்டுக்காரர் அந்த இரண்டு வாய்களுக்கும் ஒருமுறை விளையாட்டாக அச்சு எடுத்து, மாவுக்கல்லில் வார்த்து, பின்னறை அலமாரியில் அருகருகே வைத்திருந்தார். பல் மருத்துவர்கூட ஏமாந்து, "ஒரே ஆளுக்கு எதுக்கு ரெண்டு அச்சு?" என்று கேட்டதுண்டு.

முதல்நாள் வெற்றிக்குப் பிறகு மைத்துனன் அவரை ஒருமுறைகூட வெல்லவில்லை. எட்டு ஆண்டுகள் ஆடினார்கள். எட்டு ஆண்டுகளும் தோற்றான். ஆளுக்கொன்றாக இரண்டு பிரேக் கொண்ட காரில் ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவனுக்குக் கழகத்தில் கிடைத்த பெயர் 'பல்செட்டின் மச்சான்' என்பதுதான். பூட்டுக்கடைக்காரர் அந்தப் பழைய கேள்வியை ஆண்டுதோறும் தூசு தட்டி எடுப்பார்: "ஒரே ஒரு தடவ ஜெயிச்ச. அதுவும் அவரு சொல்லிக்குடுத்து." அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பில் மட்டும் தெத்துப்பல் வெளியே வராது. பற்களைப் பார்த்தே பிழைத்த பல்செட்டுக்காரர் அதைக் கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை.

எட்டாம் ஆண்டில் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. முதலில் மாடிப்படியில், பிறகு தையல் இயந்திரத்தின் முன்னால், பிறகு படுக்கையில். இதயம் வீங்கியிருக்கிறது என்றார்கள். மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஆண்டுப் போட்டியின் இறுதி ஆட்டம் வந்தபோது அவள் அங்கே இரண்டாவது வாரமாகப் படுத்திருந்தாள். இறுதி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் வேறு யாருமல்லர்; கணவனும் தம்பியும்தான்.

போகப்போவதில்லை என்று இருவருமே சொல்லிப் பார்த்தார்கள்.

"ரெண்டு பேரும் போங்க" என்றாள் அவள். "இங்க உக்காந்து என் மூச்ச எண்ணிக்கிட்டு இருக்காதீங்க. எனக்கே அது எத்தனைன்னு தெரியாது. போய் ஆடிட்டு, ஆறு மணிக்குள்ள வந்து சொல்லுங்க. ரெண்டு பேரும் சேந்து வந்து சொல்லணும். ஒருத்தர் சொன்னா நான் நம்பமாட்டேன்."

மருத்துவமனையில் பார்வை நேரம் ஆறு மணியோடு முடியும். மணி அடித்துவிட்டால் இரும்புக் கதவை இழுத்துச் சாத்திவிடுவார்கள். "சிப்பாயக் குடுத்துட்டுப் பாயற உங்க ஆட்டம் அவசர ஆட்டம்தானே, நாலரைக்கெல்லாம் முடிஞ்சிடும்" என்று கணவனுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவளும் அவளே.

மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. பல்செட்டுக்காரருக்கு வெள்ளை. இரண்டாவது நகர்வில் சிப்பாயை நீட்டினார். மைத்துனன் அதை வெட்டி எடுத்து மேசையோரம் வைத்தபோது, அவன் வீட்டில் தேட மாட்டார்களா என்ற குரல் இருவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். இருவரும் ஒரு கணம் பலகையிலிருந்து கண்ணை எடுத்தார்கள். பிறகு ஆட்டம் சூடு பிடித்தது. அன்று மைத்துனன் நன்றாகவே ஆடினான். வழக்கத்தைவிட நெடுநேரம் தாக்குப்பிடித்தான். ஆனாலும் ஐந்து மணிக்குச் சற்று முன்பு பல்செட்டுக்காரர் தம் குதிரையை எடுத்து, கறுப்பு ராஜாவின் வாசற்படியிலேயே கொண்டுபோய் வைத்தார். வெட்டினாலும் சாவு, வெட்டாவிட்டாலும் சாவு. மூன்று நகர்வுக்குமேல் தாங்காது.

நகர்வைத் தாளில் குறித்தார். தலையை நிமிர்த்திச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இப்போது முடிந்தால்கூட ஐந்தரைக்குள் அவளிடம் போய்விடலாம் என்று எண்ணினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்த அந்தக் கண்களுக்கு, மேசைக் கடிகாரத்தையும் பார்த்தாயிற்று என்ற திருப்தி உண்டாகிவிட்டது. பொத்தானை அவர் அழுத்தவில்லை.

கடிகாரத்தில் அவருடைய முகத்தில் அரை மணி நேரத்துக்குமேல் மிச்சம் இருந்தது. அது கரையத் தொடங்கியது.

மைத்துனன் யோசிக்கிறான் என்றே அவர் நினைத்தார். யோசிக்கட்டும், யோசிக்க வேண்டிய இடம்தான். அவனை அவசரப்படுத்தக் கூடாது என்று கண்களைத் தாழ்த்திக்கொண்டார். தாழ்த்திய கண்களுக்கு முன்னால் பலகை இல்லை, கட்டில் இருந்தது. வெட்டுப்பட்ட சிப்பாய் தொடங்கி வாசலில் நிற்கும் குதிரைவரை எந்த வரிசையில் அவளுக்குச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்தினால் அவள் "அப்புறம்?" என்பாள், சிரிக்க வைத்தால் மூச்சு வாங்குமோ என்றெல்லாம் மனம் ஒத்திகை பார்த்தது. இடையில் ஒருமுறை நிமிர்ந்தபோது மைத்துனனின் கைகள் தொடைக்கு அடியில் இருந்தன. தோல்வி அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவர் இரக்கப்பட்டார். அவன் கண்கள் பலகைமேல் இல்லை என்பதை அவர் பார்த்தார். பார்த்தது மனத்துக்குப் போய்ச் சேரவில்லை. பூட்டுக்கடைக்காரர் மேசையைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார், தொண்டையைச் செருமினார், மத்தியஸ்தர் பேசக் கூடாது என்ற விதி அவருடைய வாயை ஆயுளில் முதல்முறையாகப் பூட்டியிருந்தது.

"மச்சான், கொடி விழுந்துடுச்சு."

அவர் அவசரமாகக் கடிகாரத்தில் அவனுடைய முகத்தைப் பார்த்தார். அங்கே கொடி நின்றுகொண்டிருந்தது. விழுந்திருந்தது தம் பக்கத்துக் கொடி. அது விழுந்த ஓசை அவருக்குக் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டிருக்கிறது, காத்திருப்பவனுக்குத்தான் அந்த மெல்லிய ஓசை கேட்கும். எல்லாம் அந்த நொடியில் விளங்கிவிட்டது.

"விதின்னா விதிதான்" என்று பூட்டுக்கடைக்காரர் யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார். கிண்டல் எதுவும் அவரிடம் அன்று இல்லை.

பல்செட்டுக்காரர் கை நீட்டினார். "நல்லா ஆடின, தம்பி. வா, நேரமாச்சு."

கோப்பையைப் பிறகு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு இருவரும் காருக்கு ஓடினார்கள். மைத்துனன் ஓட்டினான். அவர், அவன் நாள்தோறும் உட்காரும் ஆசிரியர் இருக்கையில் உட்கார்ந்தார். காலடியில் இரண்டாவது பிரேக் இருந்தது. மாலை நெரிசலில் ஒவ்வொரு விளக்கும் அவர்களுக்காகவே சிவந்ததுபோல் இருந்தது. பேசவேண்டிய வாக்கியம் சிறியது. அதைச் சொல்லவேண்டியவன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தம் கால் பிரேக்கில் பட்டுவிடாதபடி பல்செட்டுக்காரர் கால்களை ஒடுக்கி வைத்துக்கொண்டார்.

அவர்கள் போனபோது இரும்புக் கதவு சாத்தியிருந்தது. கெஞ்சிக் கேட்டதில் வார்டு நர்ஸ் கதவுவரை வந்தாள்.

"இப்பத்தான் தூக்க மருந்து குடுத்தோம். இனிமே எழுப்பக் கூடாது. காலைல வாங்க." திரும்பிப் போனவள் நின்றாள். "மணி அடிக்கற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. இன்னைக்கு நல்லாப் பேசினாங்க. யாரு ஜெயிச்சாங்கன்னு என்கிட்ட கேட்டாங்க. எனக்கென்னங்க தெரியும்?"

மறுநாள் காலையில் அவளால் பேச முடியவில்லை. கண்ணும் திறக்கவில்லை. இரவிலேயே மோசமாகிவிட்டது என்றார்கள். ஆனால் காது கேட்கலாம், பேசிப் பாருங்கள் என்றும் சொன்னார்கள். பல்செட்டுக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார். மைத்துனன் கால்மாட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இருவரும் சேர்ந்து வந்துதான் சொல்ல வேண்டும் என்பது அவள் கட்டளை.

"ஆட்டம் முடிஞ்சிடுச்சும்மா" என்றார். "ரெண்டாவது நகர்வுலயே அந்தப் பையனக் குடுத்துட்டேன். திட்டாத. அப்புறம் உன் தம்பி சும்மா விடல. நல்லா நின்னான். கடைசில நான் குதிரையக் கொண்டுபோய் அவன் வாசல்லயே வச்சேன். ஜெயிச்சிட்டேன்னுதான் நெனச்சேன். அதுக்கு அவன் ஒரு பதில் வச்சிருந்தான் பாரு, நான் எதிர்பாக்கவே இல்ல. உன் தம்பிதான் ஜெயிச்சான். யாரும் சொல்லிக்குடுக்கல. அவனேதான் ஜெயிச்சான்."

கால்மாட்டில் கம்பி ஒருமுறை அதிர்ந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் வளர்த்த பிள்ளை என்ன செய்தான் என்பதை அவள் காதில் போடுவதற்கு அவருக்கு மனமில்லை. அவளுக்குக் கேட்டதா என்பது தெரியாது. நண்பகலில் அவள் போய்விட்டாள்.

அதன் பிறகும் மைத்துனன் ஞாயிறுதோறும் வந்தான். கழகத்துக்கு இருவரும் போவதில்லை. கூடத்திலேயே பலகையை விரித்தார்கள். கடிகாரத்தை அவர் ஒரு திரைச்சீலைத் துண்டில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். அதைப் பற்றி இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. வெள்ளைக் காய்கள் வந்தாலும் அவர் அந்தச் சிப்பாயைத் தள்ளுவதில்லை. பூட்டி வைத்த வீடுபோல ராஜாவைச் சுற்றிக் காவல் வைத்து, மெல்ல மெல்ல ஆடினார். பெரும்பாலும் சமநிலையில் முடிந்தது.

அவருக்கு வேண்டியது ஒரு வாக்கியம். 'நான் பார்த்தேன் மச்சான், சொல்லவில்லை' என்பதற்குமேல் ஒன்றும் வேண்டாம். தோற்றது அவருக்குப் பெரிதல்ல. அந்த அரை மணி நேரம் கடிகாரத்தின் நேரம் அல்ல, அவளுடைய நேரம் என்பதை இன்னொருவரும் அறிந்திருக்கிறார் என்று தெரிந்தால் போதும். முதல் நிமிடத்தில் ஆசையால் பேசாதிருந்திருப்பான். அடுத்தடுத்த நிமிடங்களில், முன்பே சொல்லாததற்கு வெட்கப்பட்டுப் பேசாதிருந்திருப்பான் என்பதுகூட அவருக்குப் புரிந்தது. புரிந்ததனால் வலி குறையவில்லை.

கேட்டிருக்கலாம். எத்தனையோ ஞாயிறுகளில் அந்தச் சொல் நுனிநாக்குவரை வந்தது. ஆனால் கேட்டால் அவன் தலை குனிவான். தலை குனிந்தவன் அடுத்த வாரம் வரமாட்டான். அவன் வராவிட்டால், ஆட்டத்தின் நடுவே ஏதோ ஓர் அற்பச் சிரிப்புக்கு உதடு விலகும்போது இடப்பக்கத்தில் எட்டிப் பார்க்கும் அந்தத் தெத்துப்பல்லும் வராது. பின்னறை அலமாரியில் அவளுடைய பல்வரிசை அப்படியே இருந்தது. ஆனால் மாவுக்கல் சிரிக்காது. அவளுடைய சிரிப்பு இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தது அவன் வாயில் மட்டும்தான்.

ஒரு நாள் அவன் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பின்னறைக்கே வந்து சேர்ந்தான். காரில் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தவர் ஆளில்லாத தெருவில் நாய்க்குப் பயந்து பிரேக்கை மிதித்திருக்கிறார். குனிந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்த மாஸ்டரின் வாய் முன்பலகையில் மோதியிருக்கிறது. தெத்துப்பல் பாதியாக உடைந்துவிட்டது. மருத்துவர் மிச்சத்தைச் சீவி, அச்சு எடுத்து, அதன்மேல் பொருத்தப் பல் உறை செய்யச் சொல்லி அவரிடம் அனுப்பினார்.

"ரெண்டு பிரேக் இருந்தும் இடிச்சிக்கிட்டது நீ ஒருத்தன்தான்" என்றார் அவர்.

"அவரு போட்ட பிரேக்குலதான மச்சான் இடிச்சதே."

பழைய அச்சு கைவசம் இருந்தது. எந்தச் சாய்வில், எவ்வளவு முன்தள்ளி அந்தப் பல் இருந்தது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே செதுக்க அவரால் முடியும். நிறம் பார்ப்பதற்காக மாதிரிப் பற்களின் கோவையை அவன் வாயருகே பிடித்துக்கொண்டிருந்தார். அவன் அவருடைய மணிக்கட்டை மெல்ல விலக்கினான்.

"மச்சான், ரொம்ப நாளா ஒண்ணு சொல்லணும்னு இருக்கேன்."

அவருடைய கை அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த, பல் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்தினார். அவன் தரையைப் பார்த்தான். உதடு பிரிந்தது, மூடியது. தொடைகளுக்கு அடியில் கைகள் போயின. அவர் காத்திருந்தார்.

"அடுத்த மாசம் பொண்ணு வீட்ல பேசி முடிக்கறாங்க" என்றான் கடைசியில். "போட்டோவெல்லாம் எடுப்பாங்க. சின்ன வயசுலேர்ந்து இந்தப் பல்லு ஒரு மாதிரி. அதான்… இத நேரா வச்சிடுங்களேன்."

பல்செட்டுக்காரர் கோவையை மேசைமேல் வைத்தார். 'நீ எனக்கு ஒன்று தர வேண்டும். அதற்கு ஈடாக இந்தப் பல்லை இருந்தபடியே விட்டுவிடு' என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. சொல்லியிருந்தால் அவன் மறுத்திருக்க மாட்டான். ஏனென்று கேட்டும் இருக்க மாட்டான்.

"சரி, தம்பி" என்றார்.

உறையைச் செய்து முடிக்க வழக்கத்தைவிட அதிக நாள் எடுத்துக்கொண்டார். வேலையில் குறையில்லை. இரு பக்கத்துப் பற்களோடும் இழைந்து, இம்மியும் துருத்தாமல், வரிசையில் நின்றது. மருத்துவர் பொருத்திவிட்டுப் பாராட்டினார். மைத்துனன் பின்னறைக்கு வந்து, கண்ணாடியில் வாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, பிறகு அவர் பக்கம் திரும்பி வாய்நிறையச் சிரித்தான். யாருக்கு வேண்டுமானாலும் அவர் செய்து தரக்கூடிய பல்வரிசை அது.

"எப்படி இருக்கு மச்சான்?"

"நல்லா இருக்கு. நேரா இருக்கு."

அவன் போன பிறகு அவர் அலமாரியைத் திறந்தார். அருகருகே இருந்த இரண்டு அச்சுகளில் தம்பியுடையதை எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தார். அவளுடையதை இருந்த இடத்திலேயே விட்டார். மறு ஞாயிறும் அவன் வந்தான், பலகையை விரித்தார்கள். அந்த வாக்கியத்தை அவன் அன்றும் சொல்லவில்லை. அவர் அன்றும் கேட்கவில்லை; அதன் பிறகு வந்த ஞாயிறுகளிலும் கேட்கவில்லை.